வாசகர் கேள்வி–பதில்: சித்திரைப் பிறப்பும் சீனத்துக் கல்லும்

சித்திரைப் புத்தாண்டை அண்டி வந்த கடிதங்களாகையால், இம்முறை பாதிக்கு மேற்பட்ட கேள்விகள் நாளையும் கோளையும் சுற்றியே அமைந்துள்ளன. ஒரே பொருளைக் கேட்ட கடிதங்கள் பல இருந்தமையால் அவற்றுள் ஒன்றைத் தெரிந்து விடை தந்திருக்கிறேன்.

சித்திரைப் புத்தாண்டு தமிழருக்கும் சிங்களவருக்கும் மட்டுமே உரியது என்று எண்ணியிருந்தேன். பாங்கொக்கில் பணிபுரியும் என் மகன், அதே நாட்களில் அங்கும் புத்தாண்டு விடுமுறை என்கிறான். இது எப்படி நேர்ந்தது? புத்தாண்டு பிறக்கும் வேளையைச் சுற்றிவரும் நமது புண்ணியகாலத்தின் அளவும், அதே பொழுதுக்குச் சிங்களவர் வழங்கும் ‘நோனகத’யின் அளவும் வேறுபடுவது ஏன்?
— வாசகி ஒருவர், வெள்ளவத்தை

தங்கள் மகன் சொன்னது சரியே. தாய்லாந்தில் ஏப்ரல் 13 முதல் 15 வரை கொண்டாடப்படும் சொங்கிரான், மியன்மாரின் திங்யான், கம்போடியாவின் மோகா சங்கிராந்த் ஆகிய மூன்று பெயர்களும் ‘சங்கிராந்தி’ என்னும் ஒரே வடசொல்லின் திரிபுகள். லாவோஸ் மக்களும், சீனத்தின் யுன்னான் மாகாணத்தில் வாழும் ‘தாய்’ என்னும் இனத்தவரும் அதே நாட்களை ஒட்டியே ஒருவர்மீது ஒருவர் நீர் தெளித்துப் புத்தாண்டை வரவேற்கிறார்கள். கேரளத்து விஷு, பஞ்சாபின் வைசாகி, அசாமின் பிகு, வங்காளிகளின் பைசாக முதல் நாள், நேபாளப் புத்தாண்டு ஆகியனவும் ஓரிரு நாள் முன்பின்னாக இங்கேயே வந்து சேரும். சூரியன் மேட இராசியிற் புகும் கணத்தையே ஆண்டின் தொடக்கமாகக் கொள்ளும் கணிதம், வணிகரோடும் அந்தணரோடும் பிக்குமாரோடும் வங்காள விரிகுடாவைக் கடந்து அந்நாடுகளுக்குச் சென்றது. அரசாங்க அலுவல்களுக்குத் தாய்லாந்து 1941இல் ஜனவரி முதலாந் தேதிக்கு மாறியபோதிலும், மக்கள் தங்கள் பெற்றோரைத் தேடி ஊருக்குப் புறப்படுவது இன்றும் ஏப்ரலிலேயே.

இதில் பலர் கவனியாத ஒன்று உண்டு. இரவும் பகலும் ஒத்த நீளமுடைய நாள் மார்ச் 20 அளவிலேயே வந்துவிடுகிறது. ‘விஷு’ என்னும் சொல்லுக்கே அந்தச் சமநிலை என்பதுதான் பொருள். அப்படியானால் நாம் ஏன் மூன்று வாரத்துக்கு மேல் பிந்திக் கொண்டாடுகிறோம்? நம் பஞ்சாங்கம் சூரியனை நட்சத்திரங்களின் பின்னணியில் வைத்து அளக்கிறது. ஐரோப்பிய நாட்காட்டி பருவங்களை வைத்து அளக்கிறது. பூமியின் அச்சு பம்பரத்தின் தலையைப்போல மிக மெதுவாகச் சுழல்வதனால் முதலாவது ஆண்டு இரண்டாவதைவிட ஏறத்தாழ 20 நிமிடம் நீண்டது. அந்த 20 நிமிடங்கள் சேர்ந்து சேர்ந்து, ஏறக்குறைய 70 ஆண்டுகளுக்கு ஒரு நாளாகின்றன. இரண்டும் ஒன்றாயிருந்த காலம் இற்றைக்குச் சுமார் 1700 ஆண்டுகளுக்கு முற்பட்டது. எனவே பாங்கொக்கும் கொழும்பும் யாங்கூனும் ஒரே அளவு பிந்தியிருப்பதே இவை ஒரே மூலத்திலிருந்து வந்தன என்பதற்குச் சிறந்த சான்று என்பேன்.

புண்ணியகாலத்தைப் பற்றிய தங்கள் வினாவுக்கு விடை காண ஒரு துண்டுத் தாளும் பென்சிலும் போதும். ஒரு நாளுக்கு 60 நாழிகை. ஒரு நாழிகை 24 நிமிடம். சூரியன் இராசி மண்டலத்தில் ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு பாகை, அதாவது 60 கலை நகர்கிறது. ஆகவே ஒரு நாழிகைக்கு ஒரு கலை. சூரிய வட்டத்தின் குறுக்களவு சுமார் 32 கலை. அவ்வட்டம் முழுவதும் மீன இராசியின் எல்லையைக் கடந்து மேடத்துக்குள் நுழைவதற்கு 32 நாழிகை வேண்டும். அதை நிமிடமாக்கினால் 12 மணி 48 நிமிடம் வரும். சிங்கள நற்பொழுது அட்டவணையில் நோனகதவுக்கு அச்சாகும் அளவு இதுவேதான், பிறப்புக்கு முன் 6 மணி 24 நிமிடமும் பின் 6 மணி 24 நிமிடமுமாக. நமது பஞ்சாங்கங்களோ பிறப்புக்கு முன் 10 நாழிகையும் பின் 10 நாழிகையும் கொள்வது வழக்கம்; ஆகையால் எட்டு மணித்தியாலம். சிங்களவர் அந்தப் பொழுதில் அடுப்பு மூட்டாமல், தொழில் எதுவும் தொடங்காமல் இருக்க, நாம் அதே பொழுதில் மருத்துநீர் வைத்து நீராடுகிறோம். எல்லைக் கோட்டின்மீது சூரியன் நிற்கும் நேரம் சாதாரண நேரமன்று என்ற எண்ணம் இருவருக்கும் பொதுவானது. வாக்கிய பஞ்சாங்கத்துக்கும் திருக்கணித பஞ்சாங்கத்துக்கும் இடையிலே பிறப்பு நேரம் வேறுபடுவது தனிக் கதை. அதை வேறொரு இதழில் விரிவாக எழுதுகிறேன்.

மருத்துநீரைச் சொன்னதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. தாழம்பூ, மாதுளம்பூ, துளசி, வில்வம், அறுகு, மஞ்சள், மிளகு, சுக்கு முதலியவற்றைக் காய்ச்சி வடித்த அந்த நீரைக் கோயிலிலிருந்து போத்தலில் வாங்கிவந்து, வீட்டின் மூத்தவர் இளையவரின் தலையில் வைப்பார். தாய்லாந்தில் இதன் மறுதலையைக் காணலாம்: இளையவர்கள் மூத்தோரின் முன் மண்டியிட்டு, மல்லிகைப்பூ மிதக்கும் நீரை அவர்களின் விரித்த கைகளில் மெல்ல ஊற்றி ஆசி பெறுவர். பர்மியரோ, அந்நாட்களில் இந்திரன் பூமிக்கு இறங்கிவந்து, நல்லவர்களின் பெயர்களைப் பொன்னேட்டிலும் தீயவர்களின் பெயர்களை நாய்த்தோலிலும் எழுதிச் செல்வதாகப் பிள்ளைகளுக்குச் சொல்வார்கள். தங்கள் மகன் அடுத்த ஆண்டும் அங்கிருப்பாராயின், தெருவில் நீர் பீச்சும் கூட்டத்தைப் பார்த்ததோடு நின்றுவிடாமல், அயல்வீட்டு முதியவர் ஒருவரின் கையில் நீர் வார்த்துவரச் சொல்லுங்கள்.

கொழும்பில் ஒரு காலத்தில் ஞாயிற்றுக்கிழமை வேலைநாளாக இருந்தது என்று என் தாத்தா கூறுகிறார். நம்ப முடியவில்லை. உண்மையா? ஒரு வாரத்துக்கு ஏழு நாட்கள் என்பதை யார் தீர்மானித்தார்கள்?
— உயர்தர வகுப்பு மாணவி, கொட்டாஞ்சேனை

தாத்தா சொன்னது முழு உண்மை. 1966 தொடக்கத்திலிருந்து 1971 வரை இலங்கையில் வார விடுமுறை சந்திரனைப் பின்பற்றியது. அமாவாசை, வளர்பிறை அட்டமி, பௌர்ணமி, தேய்பிறை அட்டமி ஆகிய, பௌத்தரின் புனித நாட்களான நான்கு போயா நாட்களும், அவற்றுக்கு முந்திய நாட்களுமே ஓய்வுக்குரியனவாயின. ஒரு சந்திர மாதம் ஏறத்தாழ 29½ நாட்களாகையால் அதை நான்காகப் பகுத்தால் ஏழு நாளும் சில மணித்தியாலங்களும் வரும். ஆகவே சில ‘வாரங்கள்’ ஏழு நாளோடு முடிய, வேறு சில எட்டு நாள்வரை நீண்டன. இவ்வாரம் புதன்கிழமையில் வந்த விடுமுறை சில வாரங்களில் வியாழனுக்குத் தள்ளிப்போகும்.

அக்காலத்தில் நான் பள்ளிக்கூடச் சிறுவன். எங்கள் அயலிலிருந்த கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளைகள், ஞாயிறு காலையில் முதற்பூசை கண்டு, வீட்டுக்கு ஓடிவந்து சீருடை மாற்றிக்கொண்டு பள்ளிக்குப் புறப்பட்டது இன்றும் என் கண்முன் நிற்கிறது. என் தாயாருக்கு மட்டும் எந்தக் குழப்பமும் இல்லை. ஏனெனில் கிழமைகளின் வரிசை எவ்விதத்திலும் மாறவில்லை, விடுமுறை மட்டுமே இடம் மாறியது. வெள்ளிக்கிழமை விரதம் வெள்ளிக்கிழமையிலேயே நின்றது. ஆனால் துறைமுகமும் வங்கிகளும் வெளிநாட்டு வணிகமும் உலகத்தின் சனி ஞாயிறோடு ஒத்துப்போக முடியாமல் இடர்ப்பட்டன. 1971இல் பழைய முறை மீண்டது. பௌர்ணமிப் போயா மாத்திரம் இன்றுவரை அரசாங்க விடுமுறையாகத் தொடர்கிறது.

வாரத்தை மாற்ற முயன்றவர்கள் நாம் மட்டுமல்லர். பிரெஞ்சுப் புரட்சியாளர் 1793இல் பத்து நாள் வாரத்தைக் கொண்டுவந்தனர். பத்தாம் நாளே ஓய்வுநாள். ஒன்பது நாட்கள் தொடர்ந்து உழைக்க வேண்டியிருந்த மக்கள் அதை விரும்பவில்லை. 1806 பிறந்தபோது அது கைவிடப்பட்டது. சோவியத் ஒன்றியம் 1929இல் இன்னும் துணிந்து, தொழிலாளரை ஐந்து நிறங்களுக்குரிய ஐந்து பிரிவுகளாக்கி, ஒவ்வொரு பிரிவுக்கும் வெவ்வேறு நாளில் ஓய்வளித்தது. இயந்திரங்கள் ஒருநாளும் நிற்கவில்லை. ஆனால் கணவனுக்கு ஒரு நிறமும் மனைவிக்கு வேறு நிறமும் வாய்த்த வீடுகளில் இருவரும் சேர்ந்து உண்ணும் ஓய்வுநாளே இல்லாமற்போயிற்று. பின்னர் ஆறு நாள் வாரத்தையும் முயன்றுபார்த்து, 1940இல் ஏழுக்கே திரும்பினார்கள். எனினும் ஏழுதான் இயற்கை என்று எண்ணிவிடாதே, மகளே. நைஜீரியாவின் இக்போ மக்களுடைய சந்தை வாரம் நான்கு நாட்களைக் கொண்டது. ஜாவாவில் லெகி, பாஹிங், பொன், வகே, கிளிவோன் என ஐந்து நாள் சந்தை வாரமும் ஏழு நாள் வாரமும் இரு சக்கரங்களைப்போலச் சேர்ந்து சுழல்கின்றன. ஒருவர் பிறந்த நாளின் சேர்க்கை 35 நாளுக்கு ஒருமுறை திரும்பிவரும் என்பதால், அதையே அங்கு சிறப்பாகக் கருதுவர்.

ஏழு என்னும் எண்ணைத் தந்தவை வெறுங்கண்ணுக்குத் தெரிந்து இடம்பெயரும் ஏழு ஒளிப்பொருட்கள்: ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி. பிரெஞ்சு மொழியில் செவ்வாய்க்கிழமை ‘மார்தி’, அதாவது மார்ஸ் என்னும் செவ்வாய்க் கோளின் நாள். ‘மெர்க்ரெதி’ புதனின் நாள். ‘வாந்த்ரெதி’ வெள்ளியின் நாள். தமிழனும் பிரெஞ்சுக்காரனும் ஒரே வரிசையைச் சொல்வதற்கு விளக்கம் உன் வீட்டுப் பஞ்சாங்கத்திலேயே அச்சிடப்பட்டுள்ள ‘ஓரை’யில் இருக்கிறது. அது கிரேக்க மொழியிலிருந்து வந்த சொல். சனி, வியாழன், செவ்வாய், சூரியன், வெள்ளி, புதன், சந்திரன் என, மெதுவாக நகர்வது முதலாகக் கோள்களை வரிசைப்படுத்தி, ஒவ்வொரு மணிக்கும் ஒரு கோளை அதிபதியாக்கிக்கொண்டு போ. ஞாயிறன்று முதல் ஓரை சூரியனுக்கு என்றால், 24 ஓரைகள் கழிந்து மறுநாள் முதல் ஓரை சந்திரனுக்கு வரும். அதற்கு அடுத்த நாள் செவ்வாய்க்கு வரும். நாளின் முதல் ஓரைக்குரிய கோளே அந்த நாளின் பெயர். விரல்விட்டு எண்ணிப்பார், ஏழு நாளும் சரியாக வந்து விழும்.

போயாவைப் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லவேண்டும். வெசாக் என்பதும் நமது வைகாசி விசாகம் என்பதும் ஒரே விசாக நட்சத்திரத்தின் பெயரால் வந்தவை. பௌர்ணமிச் சந்திரன் எந்த நட்சத்திரத்தின் அருகே நிற்கிறதோ அதன் பெயரை அந்த மாதத்துக்கு இட்டனர்: சித்திரையில் சித்திரை, தையில் பூசம், மாசியில் மகம். அதனால்தான் தைப்பூசமும் மாசிமகமும் வரும்போது போயா விடுமுறையும் பெரும்பாலும் அருகிலேயே வந்து நிற்கிறது. வெசாக் பௌர்ணமியை ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1999இல் அங்கீகரித்தபோது, அதற்காக முன்நின்று உழைத்தவர் அன்றைய வெளிவிவகார அமைச்சர் லக்ஷ்மன் கதிர்காமர் என்பதையும் உன் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்.

ரமழான் மாதம் ஆண்டுதோறும் முன்னோக்கி நகர்வது ஏன்? பகல் மிக நீண்ட வடநாடுகளில் எவ்வாறு நோன்பு நோற்கிறார்கள்?
— வாசகர் ஒருவர், மருதானை

இஸ்லாமிய ஆண்டு முற்றிலும் சந்திரனுக்கே உரியது: பன்னிரண்டு பிறைகள், 354 அல்லது 355 நாட்கள். இது சூரிய ஆண்டைவிட 10 அல்லது 11 நாள் குறைவு. யூதரும் சீனரும் இந்துக்களும் சந்திர மாதங்களைக் கொண்டிருந்தபோதிலும், இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பதின்மூன்றாம் மாதமொன்றைச் சேர்த்துப் பருவத்தோடு சரிக்கட்டிவிடுகிறார்கள். நம் நாட்டிலும் சில ஆண்டுகளில் ‘அதி’ என்னும் அடைமொழியோடு கூடுதல் போயா ஒன்று வருவதைக் கண்டிருப்பீர்கள். இத்தகைய இடைச்செருகலைத் திருக்குர்ஆன் தடைசெய்ததனால், ரமழான் ஏறத்தாழ 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றிவருகிறது. 2030ஆம் ஆண்டில் ஜனவரியில் ஒருமுறையும் டிசம்பரின் இறுதியில் மறுமுறையுமாக இரு ரமழான்கள் தொடங்கும்.

இந்தச் சுற்றின் நீதியை, நிலநடுக்கோட்டுக்கு அருகில் வாழும் நம்மால் எளிதில் உணர முடியாது. கொழும்பில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவு. எனவே எந்த மாதத்தில் நோன்பு வந்தாலும் விடியலுக்கு முந்திய சஹர் உணவிலிருந்து நோன்பு துறக்கும் வரையிலான நேரம் பெரிதாக மாறுவதில்லை. ஒஸ்லோவிலோ யூன் மாதப் பகல் 18 மணித்தியாலத்தைத் தாண்டும். டிசம்பர் பகல் ஆறு மணித்தியாலத்தோடு முடிந்துவிடும். ரமழான் ஒரே பருவத்தில் நிலைத்திருந்தால் வடக்கே வாழ்பவருக்கு என்றென்றும் கடினமும் தெற்கே வாழ்பவருக்கு என்றென்றும் இலகுவுமாக, அல்லது மறுதலையாக அமைந்திருக்கும். நோர்வேயின் துரொம்சோ நகரில் மே பிற்பகுதியிலிருந்து யூலை பிற்பகுதிவரை சூரியன் மறைவதேயில்லை. அத்தகைய இடங்களில் வாழ்பவர்கள், மார்க்க அறிஞரின் வழிகாட்டலின்படி மக்காவின் நேரத்தையோ, இரவு பகல் ஒழுங்காக வரும் அண்மைய நகரின் நேரத்தையோ பின்பற்றுகிறார்கள்.

உலகில் ஆங்கிலப் புத்தாண்டு முதலில் பிறக்கும் நாடு எது?
— மாணவர், வத்தளை

பசிபிக் சமுத்திரத்திலுள்ள கிரிபாட்டி நாட்டின் லைன் தீவுகள். அங்கு நள்ளிரவு பன்னிரண்டு மணியாகும்போது கொழும்பில் டிசம்பர் 31 பிற்பகல் 3.30. சமோவாவோ, அவுஸ்திரேலியாவோடும் நியூசிலாந்தோடும் வணிகம் செய்ய வசதியாக, 2011 டிசம்பர் 30 என்ற நாளையே தன் நாட்காட்டியிலிருந்து விட்டுவிட்டு 29இலிருந்து நேரே 31க்குத் தாவியது. நாமும் மணிக்கூட்டை மாற்றியவர்களே: வரட்சியால் மின்சாரத் தட்டுப்பாடு ஏற்பட்ட 1996இல் முன்னே தள்ளிய நேரம், 2006 ஏப்ரலில்தான் பழைய நிலைக்கு வந்தது.

கொழும்புத் தேசிய நூதனசாலையில் தமிழ் எழுதப்பட்ட சீனக் கல்வெட்டு ஒன்று உள்ளதாமே? சீனப் பேரரசருக்குத் தமிழில் எழுதவேண்டிய தேவை என்ன?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், பம்பலப்பிட்டி

ஐயா, இக்கேள்விக்காகத் தங்களுக்கு நன்றி சொல்லவேண்டும். கொழும்பில் வாழும் தமிழர் ஒவ்வொருவரும் ஒருமுறையேனும் சென்று, அந்தக் கல்லின் முன் நின்று பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

மிங் வம்சத்துப் பேரரசர் யொங்லேயின் ஆணைப்படி 1409ஆம் ஆண்டுத் தேதியிட்டுப் பொறிக்கப்பட்ட அந்தக் கல்லை, கடற்படைத் தலைவர் செங் ஹே தம் கப்பல்களில் இலங்கைக்குக் கொண்டுவந்தார். 1405க்கும் 1433க்கும் இடையே ஏழு பெரும் கடற்பயணங்கள் அவருடைய கப்பற்படையினுடையவை. யுன்னானில் ஒரு முஸ்லிம் குடும்பத்திற் பிறந்தவர் அவர். பின்னர் அந்தக் கல் மறக்கப்பட்டு, 1911இல் காலி நகரத்தில் ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்ததைப் பொறியியலாளர் ஒருவர் கண்டெடுத்தார். எழுத்துள்ள பக்கம் எவ்வளவு காலம் அங்கே கிடந்ததென்று எண்ணினால் நெஞ்சு பதறுகிறது.

கல்லின் உச்சி வளைவில் இரு நாகங்கள் எதிரெதிரே செதுக்கப்பட்டுள்ளன. அவை சீன மரபின் ‘டிராகன்’ என்னும் நாகங்கள். வலப்பக்கம் மேலிருந்து கீழாகச் சீன எழுத்து. இடப்பக்கம் மேலே தமிழ். அதன் கீழே பாரசீகம். பாரசீகப் பகுதி மிகவும் தேய்ந்துபோயிற்று. மேலோட்டமாகப் பார்ப்பவர், ஒரே செய்தியை மூன்று மொழியில் எழுதியிருப்பதாகவே எண்ணுவர். அப்படியன்று. சீனப் பகுதி புத்தரைப் போற்றுகிறது. தமிழ்ப் பகுதி தெனாவரை நாயினாரை, அதாவது நாட்டின் தென்முனையான தெய்வேந்திரமுனையிற் கோயில் கொண்டிருந்த திருமாலின் வடிவத்தைப் போற்றுகிறது. பாரசீகப் பகுதி இஸ்லாத்துக்குரியது. காணிக்கைகளோ, பொன் 1000, வெள்ளி 5000 என்றவாறு, பட்டும் வாசனை எண்ணெயும் சேர, ஏறத்தாழ ஒத்த அளவின. மூன்று இறைகளுக்கும் ஒரே மதிப்போடு காணிக்கை செலுத்தி, அதை அந்தந்த மக்களின் மொழியிலேயே அறிவிப்பதற்குப் பேரரசு ஒன்று பாடுபட்டிருக்கிறது.

தமிழுக்கான தேவை யாது என்று கேட்டிருக்கிறீர்கள். அக்காலத்து இந்து சமுத்திரத் துறைமுகங்களில் தமிழும் பாரசீகமும் வணிகத்தின் மொழிகள். தாய்லாந்தின் தகுவாபாவில் 9ஆம் நூற்றாண்டுக்குரிய தமிழ்க் கல்வெட்டு ஒரு குளத்தையும் மணிக்கிராமத்தார் என்னும் வணிகக் குழுவையும் குறிப்பிடுகிறது. சுமாத்திராவின் பாருஸ் பகுதியில் 1088ஆம் ஆண்டுக்குரிய கல்வெட்டு, திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவைப் பேசுகிறது. சீனத்தின் சுவன்சௌ துறைமுகத்தில் 1281இல் சிவன் கோயில் ஒன்றுக்காகத் தமிழும் சீனமும் சேர்த்துப் பொறித்த கல் கிடைத்திருக்கிறது. ஆகவே 1409இல் சீன அரசவைக்குத் தமிழ் எழுதத் தெரிந்தவரைத் தேடிப் பிடிப்பது அரிய காரியமாக இருந்திருக்காது.

நட்புக் காணிக்கையோடு வந்த அதே கப்பற்படை, 1411இல் இலங்கையின் ஆட்சியாளர் வீர அழகேஸ்வரரைப் போரில் சிறைப்பிடித்துச் சீனத்துக்குக் கொண்டுசென்றதையும் மறைக்காமற் சொல்லவேண்டும். தெனாவரைக் கோயிலோ 1588இல் போர்த்துக்கேயரால் அழிக்கப்பட்டது. கோயில் இல்லை, அதற்குப் படைத்த பொன்னும் இல்லை. படைத்தமைக்கான தமிழ்ப் பத்திரம் மட்டும் கறுவாத்தோட்டத்து நூதனசாலையிலே நிற்கிறது. மாணவர்களை அழைத்துச் செல்வதாயின் காலையிலேயே செல்லுங்கள்; பக்கவாட்டில் வெளிச்சம் விழும்போதுதான் தேய்ந்த எழுத்துகளின் விளிம்பு கண்ணுக்குப் பிடிபடும்.

இலங்கையின் தலைநகரம் கொழும்பா, கோட்டேயா? பரீட்சையில் எதை எழுதுவது?
— தாய் ஒருவர், தெஹிவளை

ஸ்ரீ ஜயவர்த்தனபுர கோட்டே என்று எழுதச் சொல்லுங்கள். தியவன்னா வாவி நடுவே ஜெப்ரி பாவா வடிவமைத்த நாடாளுமன்றம் 1982இல் திறக்கப்பட்டது. கொழும்பு வணிகத் தலைநகரம். பொலிவியாவுக்குச் சுக்ரேயும் லா பாசும், தென்னாபிரிக்காவுக்குப் பிரிட்டோரியா, கேப்டவுன், புளூம்பொன்ரைன் என மூன்றும் உள்ளன. நெதர்லாந்தின் தலைநகரம் அம்ஸ்ரடாம், அரசாங்கம் இருப்பது ஹேக் நகரில். கோட்டேயின் அரணைக் கட்டியவர், மேலே சொன்ன அழகேஸ்வரரின் குலத்து முன்னோரான நிஸ்ஸங்க அழகக்கோனார். யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தியின் படையெடுப்பைத் தடுப்பதற்கே அந்த அரண் எழுந்தது.

தேயிலையைச் சில நாட்டார் ‘தே’ என்றும் சிலர் ‘சா’ என்றும் அழைப்பது ஏன்? இரண்டில் எது சரி?
— மலையகத்திலிருந்து வந்து புறக்கோட்டையிற் கடை வைத்திருக்கும் வாசகர்

இரண்டும் சரி, இரண்டும் சீனமே. எழுத்து ஒன்று, உச்சரிப்பு மட்டும் பிரதேசத்துக்குப் பிரதேசம் வேறு. சீனாவின் பெரும்பாலான இடங்களில் ‘சா’ என்பார்கள். தரைவழியே ஒட்டகத்தின் முதுகில் தேயிலையைப் பெற்றவர்கள் அந்த ஒலியையே கற்றனர்: பாரசீகரும் துருக்கியரும் ரஷ்யரும் ‘சாய்’, அரபியர் ‘ஷாய்’, வட இந்தியர் ‘சாய்’. ஃபூஜியன் கரையின் ஷியாமென் பகுதியிலோ அதை ‘தே’ என்பர். அக்கரையின் வணிகரிடம் கடல்வழியே வாங்கியவர் ஒல்லாந்தர். அவர்கள் மூலமாகவே பிரெஞ்சு, ஜெர்மன், ஆங்கிலம் முதலிய மொழிகளுக்கு ‘தே’ சென்றது. மலாயரின் ‘தே’யும் அதே ஃபூஜியன் வணிகரிடமிருந்து வந்ததே. போர்த்துக்கேயர் கடல்வழியே சென்றபோதிலும், அவர்களின் தளம் மக்காவோவாக இருந்ததனால் ‘ஷா’ என்கிறார்கள். ஒரு நாட்டாரின் தேநீர்ச் சொல்லைக் கேட்டாலே அவர்களுக்கு அது எந்த வழியால் வந்தது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். போலந்துக்காரர் விலகி நின்று, மூலிகை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லையும் சேர்த்து ‘ஹெர்பாத்தா’ என்கிறார்கள்.

நம் ‘தேயிலை’யும் ‘தேத்தண்ணீரும்’ ஷியாமென் ஒலியைக் கிட்டத்தட்ட மாற்றமின்றிக் காத்துவருகின்றன. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் கண்டி மாவட்டத்து லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். இரண்டே ஆண்டில் கோப்பிச் செடிகளில் இலைத்துரு நோய் காணப்பட்டு, அது பரவிக் கோப்பித் தோட்டங்களை அழித்த பின்னரே மலைகள் முழுவதும் தேயிலைக்கு மாறின. கொழும்பில் தேயிலை ஏலம் 1883இல் ஆரம்பமானது. ஆனால் அந்தச் சொல்லை மலையெங்கும் பரப்பியவர்கள் துரைமார் அல்லர். கொழுந்தெடுத்து, கூடையில் நிறுத்து, பற்றுச்சீட்டில் பெயர் பதித்த உங்கள் பாட்டன் பாட்டிமாரே அதை நாள்தோறும் வாயில் வைத்துப் புழங்கியவர்கள்.

குடிக்கும் முறையிலும் பார்க்கத்தக்க ஒற்றுமை ஒன்றுண்டு. தோட்டத்து லயங்களில் உள்ளங்கையில் கொஞ்சம் சீனியையோ சிறு துண்டுச் சர்க்கரையையோ வைத்துக்கொண்டு, நக்கி நக்கி வெறுந்தேநீர் குடிப்பதை நீங்கள் அறிவீர்கள். ஈரானியர் கட்டிச் சீனியைப் பற்களிடையே கவ்விக்கொண்டு, அதனூடாகச் சூடான தேநீரை உறிஞ்சுகிறார்கள். ரஷ்யக் கிராமங்களிலும் இவ்வழக்கம் இருந்தது. திபெத்தியர் உப்பும் வெண்ணெயும் சேர்த்துக் கடைந்து பருகுவர். மியன்மார் மக்கள் இலையையே உண்பவர்கள்: புளிக்கவைத்த தேயிலைக் கொழுந்தை, பொரித்த உள்ளிப்பூடு, எள், வேர்க்கடலை ஆகியவற்றோடு பிசைந்து, விருந்தாளி வந்ததும் அரக்குத் தட்டில் முதலில் எடுத்து வைப்பார்கள். அவர்கள் அந்த இலையைத் ‘தே’ என்றும் சொல்வதில்லை, ‘சா’ என்றும் சொல்வதில்லை, ‘லாப்பெட்’ என்கிறார்கள்.